வீட்டுப் பேய்களின் அலமாரி

போன ஞாயிற்றுக்கிழமை மாத்தளையில் ஓர் இலக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். அண்ணன் இழுத்துக்கொண்டு போனார் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். ஓய்வுபெற்ற பிறகு அவருக்குக் கூட்டங்கள் மீது ஒரு பிடிப்பு. முன்வரிசை நாற்காலி வேண்டும், முடிவில் தேநீரும் வடையும் வேண்டும், கேள்வி நேரத்தில் எழுந்து "ஒரு சின்னக் கருத்து" என்று தொடங்கி நெடுநேரம் பேச வேண்டும். அன்றைக்குப் பேச வந்தவள் கண்டிப் பக்கத்திலிருந்து வந்த இளம் விரிவுரையாளர். திகில் கதைகளில் குடும்பம் எப்படி வருகிறது என்பது தலைப்பு. பழைய மாளிகை, பூட்டிய அறை, செத்துப்போன முதல் மனைவி, சாவிக்கொத்தைக் கையிலிருந்து விடாத தகப்பன் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். அந்தக் கதைகளில் பேயைவிட அதிகமாகப் பயமுறுத்துவது ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் சொந்தக்காரர்கள்தான் என்றாள். எனக்கு வடை ஞாபகமே போய்விட்டது.

கேள்வி நேரம் வந்ததும் அண்ணன் எழுந்தார்.

"ஒரு சின்னக் கருத்துங்க. நீங்க சொன்னதெல்லாம் வெள்ளக்காரன் வீட்டுக் கதை. நம்ம குடும்பங்கள்ல இப்படி ஒன்னும் கெடையாது. நம்மகிட்டயும் பேய் இருக்கு, இல்லங்கல. ஆனா அது புளியமரத்துல இருக்கும். வீட்டுக்குள்ள பாசம் மட்டுந்தான் இருக்கும்."

நல்ல கைதட்டல். அவர் பெருமையோடு உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்தார். நான் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கைகள்தான் ஒரு நாள் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு சேவலைக் கால்கட்டிப் பிடித்துக்கொண்டு, பேயைப் பார்த்து வெலவெலத்து நின்றவை. மனிதர் எவ்வளவு சுலபமாக மறந்துவிட்டார் பாருங்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கையைத் தூக்கினேன்.

"ஒக்காரு, எல்லாரும் பாக்குறாங்க," என்று என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

நான் கையை இறக்கவில்லை. ஆனால் மைக் அப்போது கடைசி வரிசையில் ஒரு கவிஞரிடம் சிக்கியிருந்தது. அவர் லேசில் விடுகிற ஆளாகத் தெரியவில்லை. அது என்னிடம் வந்து சேருவதற்குள் உங்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மண்டபத்தின் சன்னல்கள் திறந்திருந்தன. கீழே ஏதோ கடையில் மிளகு மூட்டையைப் பிரித்திருக்க வேண்டும், வாசனை மேலே ஏறி வந்தது. மிளகு வாசனை மற்றவர்களுக்கு ரசத்தை நினைவூட்டும். எனக்குப் பேய்தான் நினைவுக்கு வரும். என்னுடைய முதல் வேலை ஒரு மிளகுக் கடையின் மேல்மாடியில், பேய்க்கதைகளுக்கு நடுவே.

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம் அது. முடிவு வந்தபோது காத்திருந்திருக்கவே வேண்டியதில்லை என்று தெரிந்தது, அது வேறு கதை. மாத்தளைக் கடைத்தெருவில் ஹாஜியார் ஒருவர் வாடகை நூல்நிலையம் வைத்திருந்தார். கீழே அவருடைய தம்பியின் மிளகு, கராம்பு வியாபாரம். மேலே புத்தகம். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரு தும்மல் நிச்சயம். காதல் கதைக்கும் தும்மல்தான், துப்பறியும் கதைக்கும் தும்மல்தான். இந்தியாவிலிருந்து வருகிற மாத நாவல்களுக்குத்தான் கிராக்கி, அதிலும் பேய் நாவல்களுக்கு அடிபிடி. வெள்ளைச் சேலை, விரித்த தலை, பின்னால் ஒரு கறுப்புப் பங்களா என்று அட்டைப்படத்தை யாரோ ஒரே அச்சில் வார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேலை மேசையில் உட்கார்ந்து புத்தகம் கொடுப்பதும் வாங்குவதும். மற்ற நேரமெல்லாம் படிப்பேன். அதற்குச் சம்பளம் வேறு தந்தார் அந்தப் புண்ணியவான்.

ஹாஜியார் ஒரு பேய்க்கதையும் படித்தவரில்லை. "எனக்குப் பயம் மகள்," என்று சிரிக்காமல் சொல்வார். ஆனால் புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே எந்தக் கதை எப்படி என்று கணித்துவிடுவார். ஒருநாள் பாடசாலை வாத்தியார் ஒருவர் புத்தகத்தை மேசையில் ஓங்கிப் போட்டார். "என்னங்க இது, இந்தக் கதைல பேயே அப்பன்காரன்தான்! எம் மக படிச்சிட்டு ரெண்டு நாளா என்னைய ஒரு மாதிரி பாக்குறா!" ஹாஜியார் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தார். அடுத்த நாளே பேய்களை இரண்டாகப் பிரித்துவிட்டார்.

ஒரு பக்கம் வெளிப் பேய். புளியமரம், சுடுகாடு, பாலம், தனியாகப் போகும் லொறி இவையெல்லாம் அதில் சேர்த்தி. யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், குடும்பத்தோடு உட்கார்ந்து வாசிக்கலாம். மறுபக்கம் வீட்டுப் பேய். மாமியார், மாமனார், அண்ணன், மாடியில் பூட்டிவைத்த பெண், படத்திலிருந்து இறங்கிவரும் மூதாதை. இவை என் மேசைக்குப் பின்னாலிருந்த சின்ன அலமாரியில், திரைச்சீலைக்கு உள்ளே இருக்கும். கேட்டால்தான் தருவோம். கேட்பவர்கள் எல்லாரும் பெண்கள். ஆண்கள் ஒருநாளும் கேட்டதில்லை. பெண்கள் வந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வீட்டுப் பேய் புதுசு வந்திருக்கா?" என்பார்கள்.

முதல் வாரமே ஹாஜியார் எனக்கு ஒரு சட்டம் போட்டார். "வெளிப் பேய்க்கு முடிவ சொல்லாதீங்க மகள். சொன்னா யாவாரம் கெட்டுப்போகும். வீட்டுப் பேய்க்குக் கேட்டாக்க சொல்லிடுங்க. அவங்களுக்கு வேற அவசரம் ஈக்குது."

எனக்கு அப்போது புரியவில்லை. வயது அப்படி. ரோசலினைப் பார்த்த பிறகுதான் கொஞ்சம் புரிந்தது.

ரோசலின் ஞாயிறு பூசை முடிந்து வருவாள். ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மனைவி. கறுப்புக் குடை, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பேசும் பழக்கம், பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத குரல். மாத்தளை வெயிலில் நாங்கள் வெந்து கிடக்கும்போதும் மணிக்கட்டு வரை மூடிய சட்டை போட்டிருப்பாள். எடுப்பது எல்லாம் வீட்டுப் பேய்தான். பேச்சு அதிகம் இல்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும் எப்போதும் கேட்பாள்.

"கடைசில அவ தப்பிச்சிடுறாளா?"

தப்பிக்கிற கதை என்றால் எடுத்துக்கொள்வாள். இல்லையென்றால் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிவைப்பாள். கடைசியாக அவள் எடுத்துப் போனது ஒரு பெண்ணை மாடி அறையில் பூட்டிவைத்திருக்கும் கதை. "தப்பிச்சிடுறா. சன்னல் வழியா," என்றேன். அன்றைக்குத்தான் அவள் பல் தெரியச் சிரித்ததைப் பார்த்தேன். அதன் பிறகு அவள் வரவில்லை. பல ஞாயிறுகள் கழித்து அந்தத் தோட்டத்துப் பெண் ஒருத்தி வந்து, கணக்கப்பிள்ளை சம்சாரம் செத்துப்போனது தெரியுமா என்றாள். கிணற்றில் விழுந்துவிட்டாளாம். அவள் படியில் வழுக்கி விழுந்ததாக பஸ் கண்டக்டர் சொன்னார். கணக்கப்பிள்ளை வீட்டில் காய்ச்சல் என்றார்கள். அந்தப் புத்தகம் திரும்பி வரவில்லை. அதன் இடத்தில் வேறொன்றை வைக்கப் போனேன். "அந்த எடம் அப்படியே ஈக்கட்டும்," என்றார் ஹாஜியார்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். அங்கே மாளிகை ஒன்றும் கிடையாது. கோயில் தெருவுக்குப் பின்னால், ரயில் பெட்டி போல நீண்டு கிடக்கும் ஒரு டவுன் வீடு. கத்தோலிக்கக் குடும்பம். அப்பா ஒரு வாசனைத் திரவியக் களஞ்சியத்தில் தலைமைக் கிளாக்கர், தேவாலயப் பங்குச் சபையில் முக்கியமான ஆள். கெட்டவர் இல்லை. பெருநாளுக்கு எங்களைக் கடைக்குக் கூட்டிப்போய், பிடித்த துணியை நாங்களே எடுக்கும் வரை பொறுமையாக நிற்பார். நான் இனிச் சொல்லப்போவதை அந்த மனிதரா செய்தார் என்று யாராவது கேட்டால் ஆமாம், அந்த மனிதர்தான். விரிவுரையாளப் பெண் சொன்ன கதைகளிலும் தகப்பன்மார் எல்லாரும் மரியாதையான ஆட்கள்தானே.

அப்பாவின் தங்கை பிலோமி அத்தை எங்களோடு இருந்தாள். எனக்கு அத்தை முறை, பழக்கத்தில் அக்கா. தையல் தெரிந்தவள். கலேவெலயில் அவளுடைய சிநேகிதி ஒருத்தி தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள், அங்கே வந்துவிடும்படி அத்தையை ஓயாமல் கூப்பிடுவாள். தனியாக ஒரு பெண் வெளியூரில் போய் இருப்பதா என்று அப்பா அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. அதற்குப் பதில் மாப்பிள்ளை பார்த்தார். வந்த மாப்பிள்ளை யாரென்று நினைக்கிறீர்கள்? அதே கணக்கப்பிள்ளை.

பெண் பார்க்க வருகிற அன்று காலை அடுப்படியில் வைத்து அத்தையிடம் சொன்னேன். அவருடைய முதல் மனைவி எங்கள் நூல்நிலையத்துக்கு வருவாள், அவள் எப்படிச் செத்தாள் என்று ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள் என்றேன். அத்தை தேங்காயைத் துருவிக்கொண்டிருந்தாள். மாலையில் தேநீர்த் தட்டோடு முன்னறைக்கு வந்தாள், எல்லாருக்கும் கொடுத்தாள், தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கணக்கப்பிள்ளைக்கு முன்னால் நின்றாள்.

"ஒங்க மொத சம்சாரம் எப்படிங்க செத்தாங்க?"

கணக்கப்பிள்ளையின் அம்மா பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி இருந்தாள். எந்த வீட்டிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பெண் கொடுக்கப் போகிற வீட்டார் எல்லாரும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டும். அதைப் பெண்ணே கேட்டுவிட்டதால் எங்கள் வீட்டார் ஒரு முடிவுக்கு வந்தார்கள். நல்ல குடும்பத்துப் பெண் இப்படிக் கேட்க மாட்டாள், ஆகவே கேட்டது இவள் இல்லை. செத்துப்போனவள்தான் இவள்மேல் ஏறிக் கேட்டிருக்கிறாள். கணக்கப்பிள்ளையின் அம்மாவே அதைக் கண்டுபிடித்துச் சொன்னாள், எங்கள் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள், அப்பாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. தங்கைக்குத் திமிர் என்பதைவிட தங்கைக்குப் பேய் என்பது அவருக்குக் கௌரவமாகப் பட்டது. பேயை ஓட்டிவிட்டுக் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள்.

அத்தையைப் பின்னால் சாமான் அறையில் விட்டார்கள். மிளகு மூட்டை அடுக்குகிற அறை, கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள். கதைகளில் பூட்டிய அறையிலிருந்து அலறல் வரும், சங்கிலிச் சத்தம் வரும். எங்கள் அறையிலிருந்து வந்தது தும்மல். நான் சிரித்திருக்கிறேன், மறைக்கவில்லை. அத்தையும் உள்ளே சிரிப்பாள். ஆனால் மிளகு பறிக்கும் காலம் தொடங்கி முடியும் வரை ஒரு பெண்ணை மூட்டைகளோடு வைத்துத் தாழ்ப்பாள் போட்டார்கள் என்பதைச் சிரிப்பு எதுவும் மூடிவிடாது. சாப்பாட்டுக்கும் குளிக்கவும் அம்மா கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விடுவாள். அந்த அறையைக் கடந்துதான் நாங்கள் எல்லாரும் கிணற்றடிக்குப் போவோம், பல் தேய்ப்போம், பாட்டுப் பாடுவோம். அண்ணனும்தான்.

கதவின் கீழே ஒரு புத்தகம் நுழைகிற அளவுக்கு இடுக்கு இருந்தது. நான் வீட்டுப் பேய் அலமாரியையே கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடுக்கு வழியாக உள்ளே தள்ளினேன். ஹாஜியாருக்குத் தெரியும். எங்கே போகிறது என்று கேட்கவில்லை, புதிய கட்டு வந்தால் முதல் புத்தகத்தை என் பக்கம் நகர்த்திவைப்பார்.

ஒரு நாள் மத்தியானம் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அத்தை கேட்டாள். "இதக் கவனிச்சியா? எல்லாக் கதையிலயும் அந்தப் பொண்ணு பேசுறப்ப ஒருத்தனும் காது குடுக்கல. பேய் பேசுனா மட்டும் எல்லாரும் கைகட்டி நிக்கிறாங்க."

"ஆமா அத்தை."

"அவங்க பேரு என்னா?"

யாரைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. மூத்த தாரம், செத்தவ, அது இது என்றுதான் பேச்சு. "ரோசலின்," என்றேன்.

"எப்படிப் பேசுவாங்க?"

சொன்னேன். சாய்ந்த தலையையும், தாழ்ந்த குரலையும், அந்த ஒரே கேள்வியையும் சொன்னேன். பிறகு உள்ளே மிக மெதுவாக யாரோ பேசுகிற சத்தம் கேட்டது. அத்தைதான் என்று தெரிந்தும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பேயோட்ட ஆள் பிடிப்பது எங்களைப் போன்ற குடும்பத்துக்குப் பெரிய சிக்கல். பாதருக்குத் தெரிந்தால் திட்டுவார், பங்கிலே தலைகாட்ட முடியாது. ஆகவே யட்டவத்தப் பக்கத்திலிருந்து ஒரு கட்டாடியாவை, அதாவது சிங்களப் பேயோட்டியை, இரகசியமாக வரவழைத்தார்கள். இந்தக் காரியத்தை ஊரெல்லாம் இராத்திரியில்தான் செய்யும். எங்கள் வீட்டில் பட்டப்பகலில் நடந்தது. மாலையானால் அத்தையின் சுகத்துக்காகச் செபமாலை சொல்ல அயலவர்கள் வந்துவிடுவார்கள், கட்டாடியாவுக்கும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அம்மா முன்னறைச் சுவரிலிருந்த திருஇருதயப் படத்தின் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடினாள். ஆண்டவர் பார்க்கக் கூடாதாம். கணக்கப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பேய் போவதைக் கண்ணால் பார்த்தால்தான் நாள் குறிப்பார்கள். சேவலைப் பிடித்துக்கொள்ளும் வேலை அண்ணனுக்கு.

சாம்பிராணிப் புகை, மந்திரம், தேசிக்காய் வெட்டு எல்லாம் ஆனது. அத்தை நடுவில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கட்டாடியா சிங்களத்தில் அதட்டினார்.

"உம்ப கவுத?" நீ யார்?

அத்தைக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. தமிழில், யாருக்கும் சரியாகக் கேட்காத குரலில் பதில் வந்தது. கட்டாடியாவுக்குத் தமிழ் தெரியாது. அவர் அப்பாவைப் பார்த்தார். நீங்கள் சொல்லுங்கள், இது சொல்வதை அப்படியே சிங்களத்தில் சொல்லுங்கள், ஒரு வார்த்தை மாற்றினாலும் இது இவளை விட்டு உங்கள் நாக்கில் ஏறிக்கொள்ளும் என்றார். எங்கள் வீட்டார் செய்த பெரிய தவறு, தமிழ் தெரியாத ஒருவரைப் பேயோட்டக் கூப்பிட்டது. அந்தத் தவறுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

"நான் ரோசலின்," என்றாள் அத்தை.

கணக்கப்பிள்ளையின் அம்மா எழுந்து, திரும்ப உட்கார்ந்தாள். இந்தப் பெயரை இந்தப் பெண்ணுக்கு யார் சொன்னது என்று அவள் முகம் கேட்டது. அப்பா சிங்களத்தில் சொன்னார்: நான் ரோசலின்.

"நான் காய்ச்சல்ல சாகல."

அப்பா தயங்கினார். கட்டாடியா தேசிக்காய்க் கத்தியைத் தட்டினார். நான் காய்ச்சலில் சாகவில்லை என்றார் அப்பா.

"என்னைய என்னா செஞ்சாருன்னு அவர ஒரு வாட்டி சொல்லச் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

அப்பா கணக்கப்பிள்ளையைப் பார்த்து, சொல் சொல்லாக மொழிபெயர்த்தார். எந்தக் கேள்விக்காகத் தங்கையைப் பூட்டிவைத்தாரோ, அந்தக் கேள்வி அவர் வாயாலேயே, அந்த ஆளின் முகத்துக்கு நேராக வந்தது. பொய்க் குற்றச்சாட்டு என்றால் ஒரு மனிதன் கோபப்படுவான், இல்லாவிட்டால் சிரிப்பான். கணக்கப்பிள்ளை எழுந்து வாசலைத் தேடினார். கதவு நேரே இருக்க, சுவரில் போய் மோதினார். தாயும் மகனும் வெளியேறிய பிறகும் அவர்களுடைய குடை எங்கள் வீட்டிலேயே கிடந்தது.

கட்டாடியா தன் வேலையில் குறியாக இருந்தார். "மொனவத ஓனே?" உனக்கு என்னென்ன வேண்டும்? கேட்டதைக் கொடுத்தால்தான் பேய் போகும், அது வழக்கம். அண்ணன் சேவலை நீட்டிக்கொண்டு முன்னே வந்தார்.

"கோழி வேணாம்," என்றாள் அத்தை. "சாராயம் வேணாம். பின்னால அந்த ரூம்ல வெளித் தாப்பாள் இருக்கே, அதக் கழட்டணும். இந்தப் புள்ளைய யாருக்கும் கட்டிக் குடுக்கக் கூடாது, அவளாக் கேட்டாலொழிய. தையல் மிஷினோட கலேவெலக்கு அனுப்பணும். இவளோட அண்ணன்காரனே கூட்டிட்டுப் போய் விடணும். மனசோட விடணும்."

அப்பா ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசி வார்த்தைக்குச் சிங்களம் வராமல் தடுமாறினார். கட்டாடியா பொறுமையாகக் காத்திருந்து, அதையும் சொல்லவைத்த பிறகுதான் விட்டார். பிறகு அப்பாவிடம் சத்தியம் வாங்கினார். சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுமுன் அத்தையைப் பார்த்து, "நங்கி, இனிப் பயமில்லை," என்று தன் மொழியில், தங்கையிடம் சொல்வது போலச் சொன்னார். அவருக்கு எவ்வளவு புரிந்திருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்பா அன்றைக்கே திருப்புளி எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றினார். அந்த வாரமே, பஸ் கூரையில் தையல் மிஷினைக் கட்டி, அத்தையைக் கலேவெலயில் கொண்டுபோய் விட்டார். அத்தை அங்கே தைத்தாள், பல பெண்களுக்குத் தைக்கச் சொல்லிக்கொடுத்தாள், கல்யாணம் கேட்கவில்லை. அப்பா பெருநாளுக்குப் பெருநாள் கலேவெல போய் ஒரு சட்டை தைத்துக்கொண்டு வருவார். இரண்டு பேரும் என்ன பேசுவார்களோ தெரியாது. படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அன்னிக்குப் பேசுனது யாரு, சொல்லு. ஒனக்குத் தெரியும்."

"நீங்கதாம்ப்பா பேசுனீங்க," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கவிஞர் ஒருவழியாக மைக்கை விட்டார். நான் எழுந்து இதையெல்லாம் சொன்னேன். இவ்வளவு விரிவாக இல்லை, ஆனால் தெரு, வீடு, அறை, தாழ்ப்பாள் எதையும் மறைக்காமல். "இவங்க சொன்ன கதை வெள்ளக்காரன் வீட்டுக் கதை இல்ல. எங்க வீட்டுக் கதை. எங்கண்ணன் அங்க சேவலோட நின்னாரு," என்று முடித்தேன். இந்தத் தடவை கைதட்டல் இல்லை. பின்வரிசைப் பெண்கள் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும், திரைச்சீலைக்கு முன்னால் வந்து நிற்பவர்களின் பார்வை.

"குடும்ப மானத்த மைக்ல வச்சு வித்துட்டியே," என்றார் அண்ணன், படியிறங்கும்போது.

"இன்னும் எழுதவும் போறேன்," என்றேன். எழுதிவிட்டேன். மானம் என்பது தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு மட்டும் உரியதா என்ன? அத்தைக்கும் ஒரு மானம் இருந்தது, ரோசலினுக்கும் இருந்தது. பாசம் மட்டுந்தான் இருந்தது என்று இன்னொரு மேடையில் அண்ணன் சொன்னால் இன்னொரு தடவை எழுந்து நிற்பேன். முழங்கையைப் பிடித்து இழுக்கட்டும்.

தேநீர் நேரத்தில் அந்த விரிவுரையாளப் பெண் என்னைத் தேடி வந்தாள். "உங்க அத்தை அப்புறம் நல்லா இருந்தாங்களா?"

"தப்பிச்சிட்டாங்க," என்றேன். "கலேவெலயில சொந்த வீடு கட்டி, அதுலதான் போன வருஷம் கண்ண மூடுனாங்க. கதவுக்கெல்லாம் உள்பக்கம் மட்டுந்தான் தாப்பாள்."

"அந்த ரோசலின்?"

வீட்டுப் பேய்க்குக் கேட்டால் சொல்லிவிட வேண்டும், அது ஹாஜியாரின் சட்டம். "இல்லம்மா. அவ தப்பிக்கல. அவ புருஷன யாரும் எதுவும் கேட்டதும் இல்ல, எங்கத்தையையும் எங்கப்பாவையும் தவிர."

வீடு திரும்பும் வழியில் கடைத்தெருவில் கொஞ்ச நேரம் நின்றேன். மிளகுக் கடை இருந்த இடத்தில் இப்போது தொலைபேசிகளுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். மேல்மாடிக்குப் போகும் மரப்படியே இல்லை. ஹாஜியார் போய் எத்தனையோ காலம். எங்கள் பழைய வீட்டை இடித்து யாரோ ஹார்ட்வெயார் களஞ்சியம் கட்டிவிட்டார்கள், தாழ்ப்பாள் கழற்றிய ஆணித் துளைகளும் அந்தக் கதவோடு போய்விட்டன. கணக்கப்பிள்ளையும் செத்துவிட்டார், நாங்கள் அறிந்தவரை வேறு பெண் கிடைக்காமலே. தோட்டத்துச் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே, ரோசலினின் சிலுவையைத் தேடி ஒருமுறை போனேன். காடு மூடிக் கிடந்தது.

அவள் எடுத்துப் போன புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை. வந்தாலும் வைப்பதற்கு அந்த அலமாரி இல்லை.